சேலத்து வெயிலில் எலுமிச்சை வாசனைக் கொலோன்: குளியலறையில் தொடங்கி ஏற்காடு வரை

“அண்ணா, ஆயிரத்து இருநூறு குடுத்து வாங்கினேன், அஸ்தம்பட்டி தாண்டறதுக்குள்ள வாசனையே காணோம்.” ஏப்ரல் பிறந்தால் இந்தப் புகாரோடு யாராவது ஒருவர் என்னிடம் வந்துவிடுகிறார்கள். பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தால் சரக்கில் பெரும்பாலும் குறை இருக்காது. எப்போது அடித்தாய், எதன் மேல் அடித்தாய் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்: குளித்த ஈரம் காயவில்லை, மின்விசிறி ஓடியும் கழுத்தில் வியர்வை, ஒரு கையில் வண்டிச் சாவி, மறு கையால் கழுத்தில் இரண்டு அடி.

நானும் முதல் இரண்டு கோடையை இப்படித்தான் வீணாக்கினேன். அப்புறம்தான் புரிந்தது, இந்த வேலையில் முக்கால்வாசி பாட்டில் மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

1. பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஓ டி கொலோன் என்று போட்டிருந்தால் அதில் வாசனை எண்ணெய் சுமார் 2 முதல் 5 சதவீதம்தான். மீதி ஆல்கஹாலும் கொஞ்சம் தண்ணீரும். ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15 வரை இருக்கும், ஓ டி பர்ஃபூம் 15 முதல் 20 வரை போகும். ஆகவே கொலோனை வாங்கிவிட்டு சாயங்காலம் வரை மணக்கவில்லை என்று வருத்தப்படுவது, மோரை வாங்கிவிட்டுத் தயிர் மாதிரி கெட்டியாக இல்லையே என்பது போலத்தான்.

இன்னொன்று, எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் (இதுவும் எலுமிச்சை இனப் பழம்தான்) இவற்றின் வாசனையே பறக்கிற ஜாதி. இந்தப் பழத்தோல் எண்ணெய்களில் அதிகம் இருப்பது லிமோனின், அதன் மூலக்கூறு எடை 136. வெட்டிவேர் எண்ணெயில் இருக்கும் குசிமாலுக்கு 220. எடை குறைந்தது சீக்கிரம் ஆவியாகும், அதுவும் 39 டிகிரி வெயிலில் சொல்லவே வேண்டாம். கொலோன் ஒரு மணி நேரம், நன்றாகச் செய்தால் இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடி அடிக்க வேண்டும், அதற்கும் ஒரு முறை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பின்பக்க லேபிளில் தேதியைப் பாருங்கள். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் பேட்ச் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். மற்ற வாசனைகளில் ஆறு மாதம் முன்னே பின்னே இருந்தால் பெரிதாகத் தெரியாது, எலுமிச்சை வகையில் தெரியும், ஏனென்றால் முதலில் கெடுவது இந்த எண்ணெய்தான்.

2. கடைக்குள் முடிவு செய்யாதீர்கள்

ஏசி ஓடும் கடையில், காகிதப் பட்டையில் அடித்து மோந்து பார்த்தால் எல்லாக் கொலோனும் நன்றாகத்தான் இருக்கும். காகிதம் சூடாவதில்லை, வியர்ப்பதில்லை. நீங்கள் வியர்ப்பீர்கள்.

முழங்கைக்கு உள்பக்கத்தில் ஒரு அடி அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்கள், ஆனால் அடித்த கையால் வேண்டாம், வெங்காயமும் பூண்டுச் சட்னியும் எதையும் ஜெயித்துவிடும். அரை மணி கழித்து அந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதற்குத்தான் காசு கொடுக்கப் போகிறீர்கள். முதல் பத்து நிமிடத்து எலுமிச்சைத் துள்ளல் எல்லா பாட்டிலிலும் வரும், நூறு ரூபாய் பாட்டிலிலும் வரும். அது போன பிறகு நாரத்தை இலையைக் கசக்கினது போல லேசான பச்சை வாசனையோ, ஆரஞ்சுப் பூவோ, வெட்டிவேரோ கொஞ்சமாவது இருந்தால் வாங்கலாம். வெறும் ஸ்பிரிட் நெடியோ, பாத்திரம் தேய்க்கும் சோப்பு மாதிரி ஒரு வாசனையோ நின்றால் வேண்டாம்.

ஒரே நாளில் மூன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். மூக்கு அதற்கு மேல் பொய் சொல்லும்.

ஸ்பிரே வைத்த பாட்டிலாகப் பாருங்கள். உள்ளங்கையில் ஊற்றித் தட்டிக்கொள்ளும் பாட்டிலில் அளவு பிடிபடாது, திறந்து மூடும்போதெல்லாம் காற்றும் உள்ளே போகும்.

3. ஒரு நாள் தோல் சோதனை

முழங்கை மடிப்பில் ஒரு அடி அடித்து ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம் எதுவும் இல்லையென்றால் சரி. சோதனை செய்யும் இடத்தை வெயில் படாமல் மூடி வையுங்கள், காரணம் ஆறாவது பகுதியில் வருகிறது. இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாதுதான், அந்த மிச்சப் பேரில் நீங்கள் இருந்தால் கழுத்துப் பட்டை முழுக்க அரித்துக்கொண்டு ஒரு கல்யாண வரவேற்பில் நிற்க வேண்டி வரும்.

4. குளியல், படிகாரம், பத்து நிமிடம்

இதுதான் முக்கியமான படி, எல்லோரும் சொதப்புவதும் இங்கேதான்.

கொலோன் வியர்வை நாற்றத்தை மூடாது. வியர்வைக்கு வெளியே வரும்போது பெரிதாக வாசனை கிடையாது, தோலில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று உடைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அதன் மேல் எலுமிச்சையை அடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், டவுன் பஸ்ஸில் மதியம் இரண்டு மணிக்கு அந்த மூன்றாவதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம்.

ஆகவே முதலில் குளியல். மே மாதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் காலை பத்து மணிக்கு மேல் கொதிக்கிறது. அதில் குளித்துவிட்டு வந்தால் துடைத்த அடுத்த நிமிடம் மறுபடி வியர்க்கும். முந்தின நாள் ராத்திரியே இரண்டு வாளி பிடித்து குளியலறையில் வைத்துவிடுங்கள். கடைசி நாலு சொம்பு அந்தத் தண்ணீராக இருக்கட்டும். உடம்புச் சூடு இறங்கினால்தான் வியர்வை நிற்கும், வியர்வை நின்றால்தான் அடிப்பது தோலில் உட்காரும்.

சோப்பு மெல்லிய வாசனை உள்ளதாக இருந்தால் போதும். சந்தன சோப்பு, அதன் மேல் ரோஜா வாசனைப் பவுடர், அதன் மேல் கனமான டியோடரன்ட், எல்லாவற்றுக்கும் மேலே கொலோன் என்று போனால் கடைசியில் அடித்தது எங்கே என்று யாருக்கும் தெரியாது. பவுடர் போட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் முதுகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொலோன் அடிக்கிற இடத்தில் பவுடர் இருந்தால் ஈரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

அக்குளுக்குப் படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே கல்தான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஈரத் தோலில் நாலு தடவை தேய்த்துக் காயவிட்டால் நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்கும், அதற்கென்று ஒரு வாசனை இல்லாததால் கொலோனோடு சண்டையும் போடாது. வெட்டுக்காயம் இருந்தால் எரியும், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் துண்டால் ஒத்தி எடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டை போட வேண்டாம். அக்குள், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் நிஜமாகவே காய்ந்ததா என்று தொட்டுப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். ஒன்பதரை மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர் எட்டே காலுக்குக் குளியலறைக்குள் போக வேண்டும், ஒன்பதுக்கு அல்ல.

5. தோலுக்குக் கொஞ்சம் பிடிமானம்

வறண்ட தோலில் வாசனை நிற்காது. லேசான பிசுபிசுப்பு இருந்தால் வாசனை எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பறக்கும். வாசனை இல்லாத லோஷன் ஒரு துளி, அல்லது பெட்ரோலியம் ஜெல்லியை அரிசி அளவு எடுத்து, அடிக்கப் போகும் இடங்களில் மட்டும் தடவுங்கள்.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நல்ல எண்ணெய்தான், ஆனால் அதன் வாசனை கொலோனை விட நீண்ட நேரம் நிற்கும், பதினோரு மணிக்கு நீங்கள் தேங்காய் பர்பி மாதிரி மணப்பீர்கள்.

இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வெட்டிவேர் அத்தர். பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்து வளர்ந்த வாசனை, நமக்குப் பழக்கம் தேவையில்லை. ஒரே ஒரு துளி, நெஞ்சின் நடுவில், கொலோனுக்கு முன்னால். கொலோன் பறந்த பிறகு அடியில் வெட்டிவேர் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். முதலில் கனமானது, மேலே லேசானது என்பதுதான் வரிசை. மாற்றி அடித்தால் அத்தரைத் தேய்க்கும்போது மேலே இருந்த கொலோன் அத்தனையும் போய்விடும். அத்தர் எண்ணெய் துணியில் கறை போடும், காய்ந்த பிறகு சட்டை.

6. எங்கே அடிப்பது, எங்கே கூடாது

கழுத்துப் பக்கமும் மணிக்கட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்த இடம். வெயில் காலத்தில் இரண்டுமே எனக்குப் பிடிக்காத இடம்.

காரணம் இது. பெர்கமாட், பிழிந்தெடுத்த பச்சை எலுமிச்சை எண்ணெய் போன்றவற்றில் ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருட்கள் உண்டு, அவற்றில் பெர்காப்டென் பேர் போனது. அது தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்தது போல ஆகும். உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் முற்றும், அப்புறம் கருப்புத் திட்டாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். கழுத்தில் வழிந்த கோடு வழிந்த மாதிரியே கறுத்துவிடும். வெயிலில் நின்று நாள் பூரா எலுமிச்சை பிழிகிறவர்களுக்குக் கையில் கருந்திட்டு விழுவதும் இதே சங்கதிதான். முகம் வெளுக்கும் என்று எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு வண்டியில் கிளம்புகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது நல்ல கம்பெனிகள் அந்தப் பொருளை நீக்கிய பெர்கமாட் எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள், வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பான இஃப்ரா அதற்கு வரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் சந்தையில் கலந்து விற்கும் பாட்டிலிலும், வீட்டிலேயே எண்ணெய் வாங்கிக் கலக்கிறவர்களின் பாட்டிலிலும் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? அதனால் எனக்கு ஒரே விதி: வெயில் படும் தோலில் அடிப்பதில்லை.

அப்படியானால் எங்கே? நெஞ்சில், சட்டைக்குள். அடித்தது உடம்புச் சூட்டில் மெல்ல மேலே ஏறி காலர் வழியாக வரும், துணி மறைப்பதால் பறப்பதும் கொஞ்சம் தாமதமாகும். அடுத்தது தோள்பட்டைக்குப் பின்னால், பனியனுக்குள். முழுக்கைச் சட்டை போடுகிறவர்கள் முழங்கை உள்மடிப்பில் அடிக்கலாம். வீட்டிலேயே இருக்கிற நாளில், அல்லது பொழுது சாய்ந்த பிறகு கிளம்பினால், கழுத்திலும் தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள்.

அக்குளில் வேண்டாம். முகத்தில் வேண்டாம். சவரம் செய்த சூட்டில் தாடையில் அறைந்துகொள்வது வேண்டவே வேண்டாம், எரிச்சலோடு போவதில்லை, கீறல் உள்ள தோல் இந்த எண்ணெய்களுக்கு இன்னும் மோசமாக எதிர்வினை காட்டும். குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சப் போகிறீர்கள் என்றால் நெஞ்சிலும் வேண்டாம், அன்றைக்குக் கைக்குட்டை போதும்.

தலைமுடியில் நேரே அடித்தால் ஆல்கஹால் முடியை வறட்டும். சீப்பில் ஒரு அடி அடித்து, அரை நிமிடம் விட்டு, சீவிக்கொள்ளலாம். மல்லிகை வைத்திருக்கிற அன்று அதுவும் தேவையில்லை. ஆரஞ்சுப் பூ வாசனை உள்ள கொலோன் மல்லிகையோடு நன்றாகச் சேரும், வெறும் எலுமிச்சை சேராது. இது என் மூக்கின் தீர்ப்பு, உங்கள் மூக்கு வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

7. எத்தனை அடி

ஒரு அடிக்குச் சுமார் 0.1 மி.லி. வெளியே வரும். 100 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய ஆயிரம் அடி இருக்கிறது. ஆகவே கஞ்சத்தனமும் வேண்டாம்.

கனமான சென்டுக்குச் சொல்லும் ‘இரண்டு அடி போதும்’ என்ற கணக்கு கொலோனுக்குப் பொருந்தாது. நான்கு முதல் ஆறு வரை அடிக்கலாம்: நெஞ்சில் இரண்டு, தோள்களுக்குப் பின்னால் ஒவ்வொன்று, மிச்சம் முழங்கை மடிப்பில். ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள். ஒட்டி வைத்து அடித்தால் ஒரே இடத்தில் நனைந்து வழியும், தள்ளிப் பிடித்தால் பூத்தூறல் மாதிரிப் பரவும்.

அடித்த பிறகு தேய்க்காதீர்கள். தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது, அப்படியெல்லாம் இல்லை. உராய்வில் தோல் சூடாகி, முதலில் வரும் எலுமிச்சை பாகம் இன்னும் வேகமாகப் பறக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஓடுவதற்குத் தயாராக நிற்கிறதை ஏன் துரத்த வேண்டும்?

ஏசி ஆபீஸ், பாங்க் கவுன்டர், மூடின கார் என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒற்றைத் தலைவலியோ ஆஸ்துமாவோ இருந்தால் ஒன்று, அல்லது ஒன்றுமே வேண்டாம். உங்களுக்கே வாசனை தெரியவில்லை என்பதற்காக மேலும் அடிக்கவும் கூடாது, மூக்கு ஒரே வாசனைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். பத்து நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து மோந்து பாருங்கள், அல்லது வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். என் மனைவி ‘ம்’ என்றால் சரி, ஜன்னலைத் திறந்தால் அதிகம்.

சாமி விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு இருக்கிற இடத்தில் நின்று அடிக்காதீர்கள். பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால், தூறலாக வரும்போது சட்டென்று பற்றும். காலையில் பூஜை அறைக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுகிற வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

8. துணியில் அடிப்பது

துணி தோலைவிடக் குளிர்ச்சி, அதனால் வாசனை அதில் நீண்ட நேரம் நிற்கும். வெள்ளைப் பருத்திப் பனியனின் உள்பக்கம் ஒரு அடி, கைக்குட்டையில் இரண்டு அடி, இது வெயில் காலத்துக்கு நல்ல வழி. புடவை கட்டுகிறவர்கள் முந்தானையை விட்டுவிட்டு பருத்தி உள்பாவாடையின் கீழ் விளிம்பில் அடியுங்கள், நடக்க நடக்க மெதுவாக வரும்.

பட்டில் அடிக்காதீர்கள். நான் ஒரு முறை அடித்தேன். சேலத்து வெண்பட்டு வேட்டி, மாமனார் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது, கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் இடுப்புக்குக் கீழே இரண்டு அடி. காய்ந்த பிறகு மஞ்சளாக இரண்டு வட்டம். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்களுக்கு இயல்பாகவே ஒரு நிறம் உண்டு, வெள்ளையில் அது தப்பாமல் தெரியும், பட்டில் ஆல்கஹாலே தடம் விடும். சலவைக்குப் போட்டும் ஒரு வட்டம் போகவில்லை. அந்த வேட்டியை இப்போதும் கட்டுகிறேன், மடிப்பை மாற்றி.

பாலியஸ்டர் சட்டை போடுகிற நாளில் கொலோனை நம்ப வேண்டாம். அந்தத் துணி உடம்பு நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்தும் முழுக்க விடாது. கதரோ, பருத்தியோ போடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

9. கிளம்புகிற நேரம்

அடித்ததும் சட்டை போடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் பறக்க விடுங்கள், முதலில் வரும் ஆல்கஹால் நெடி போய்விடும், தோலில் ஜில்லென்ற உணர்வும் அடங்கிவிடும். அந்த ஜில் ஆல்கஹால் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வருவது. காய்ச்சலுக்கு நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணி போட்டது எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம். அந்தக் குளிர்ச்சியை வாசனையின் வேலை என்று நினைத்து மறுபடி மறுபடி அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாட்டில் மாதக் கடைசி தாங்காது.

வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கொண்டலாம்பட்டியில் இருந்து ஐந்து ரோடு வரை ஹெல்மெட்டும் புகையும் சிக்னலுமாக வந்து சேர்வதற்குள் வீட்டில் அடித்ததில் பாதி போயிருக்கும். நீங்கள் மணக்க வேண்டியது ஆபீஸில் என்றால், வீட்டில் இரண்டு அடி, மிச்சத்தைப் போய்ச் சேர்ந்த பிறகு. எந்த நேரத்துக்கு வாசனை வேண்டுமோ அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் அடிப்பதுதான் கணக்கு.

10. மறுபடி அடிப்பது

10 மி.லி. சின்ன ஸ்பிரே பாட்டில் ஒன்று வாங்கி அதில் நிரப்பிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நூறு அடி வரும், ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் போதும். கண்ணாடி பாட்டில் நல்லது. மலிவான பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய்கள் அரித்துவிடும், மூடியும் கசியும்.

மதியம் அடிக்கும்போது வரிசை இதுதான்: ஈரக் கைக்குட்டையால் கழுத்தும் நெஞ்சும் துடை, காய்ந்த துணியால் ஒத்து, விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம், அப்புறம் இரண்டே அடி. துடைக்காமல் அடித்தால் நான்காவது பகுதியில் சொன்ன அந்த மூன்றாவது வாசனை வந்து நிற்கும். காலையில் அடித்ததன் அடிவாசனை இன்னும் இருக்கும் என்பதால் மதியத்துக்குப் பாதி அளவே போதும்.

அந்தச் சின்ன பாட்டிலை வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டிலும் வேண்டாம். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஒரு கோடை முழுக்க வண்டியிலேயே வைத்திருந்து, ஜூனில் எடுத்து அடித்தபோது பெயின்ட் கடை மாதிரி மணந்தார்.

11. ஏற்காடு போகிற அன்று

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் 1,500 மீட்டர் உயரம். கீழே 39 என்றால் மேலே 30-க்குப் பக்கத்தில் இருக்கும், சாயங்காலம் இன்னும் இறங்கும். இந்த வித்தியாசத்தில் ஒரே கொலோன் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். குளிரில் மெதுவாகப் பறப்பதால் முதல் வீச்சு அடங்கித் தெரியும், ஆனால் நீண்ட நேரம் நிற்கும். கீழே ஆறு அடி அடிக்கிறவருக்கு மேலே மூன்று போதும்.

கிளம்புவதற்கு முன் அடித்துக்கொண்டு காரில் ஏறாதீர்கள். மலை ஏறும்போது வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம்தான், அதே யோசனையில் மூடின காருக்குள் ஐந்து பேரும் கொலோன் அடித்துக்கொண்டு ஏறினோம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு, பதினொன்றாவதில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. பழத்தைக் கீறி மோந்தால் நீங்கள் விரும்பும்போது விலக்கிக்கொள்ளலாம், உடம்பில் அடித்ததை விலக்க முடியாது. மேலே போய், ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு, அப்புறம் அடியுங்கள்.

மலையில் வெயில் சுடாது என்பதால் கழுத்தில் அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும், பனிமூட்டம் இருந்தாலும் ஓரளவு ஊடுருவும். பகோடா பாயின்டில் காலை முழுக்க நிற்கப் போகிறவர்கள் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து காபி பூத்திருக்கும் நாட்களில் நான் ஒன்றுமே அடிப்பதில்லை. தோட்டம் முழுக்க மல்லிகை மாதிரி மணக்கும், அதன் நடுவில் நம் பாட்டிலுக்கு என்ன வேலை. அதோடு பூவெல்லாம் தேனீ. வாசனை அடித்துக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது தேனீ வளர்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பாடம்.

12. பாட்டிலை வைக்கிற இடம்

சூடு, வெளிச்சம், காற்று, இந்த மூன்றும் எலுமிச்சை எண்ணெய்க்கு ஆகாது. லிமோனின் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் உண்டாகும் பொருட்கள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை. ஆகவே கெட்டுப்போன பாட்டிலை வாசனை குறைந்துவிட்டது, அவ்வளவுதானே என்று அடித்துக்கொள்ளக் கூடாது.

குளியலறை அலமாரி வேண்டாம். ஜன்னல் திண்டு வேண்டாம். மேற்குச் சுவரை ஒட்டின இரும்பு பீரோவும் வேண்டாம், மே மாத சாயங்காலத்தில் அதைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். வந்த அட்டைப் பெட்டியோடு, உள் அறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதுவும் சூடாகிற வீடென்றால் ஃபிரிட்ஜ் கதவில் வைக்கலாம், பெட்டியோடு, மூடியை இறுக்கி, குழந்தைகள் கை எட்டாத தட்டில். எங்கள் வீட்டில் அது மாவு டப்பாவுக்கும் புளிக்காய்ச்சலுக்கும் நடுவே இருக்கிறது, விருந்தாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடும், கெடுவதும் வேகமாகும். பாதிக்குக் கீழே வந்ததும் சின்ன பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று பெரிய பாட்டில் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்வதைவிட ஒன்றைத் திறந்து இரண்டு கோடைக்குள் தீர்ப்பது நல்லது.

நிறம் அடர்ந்து, மோந்தால் எலுமிச்சைக்குப் பதில் டர்பன்டைன் (பெயின்ட் கரைக்கிற எண்ணெய்) நெடி வந்தால் அந்த பாட்டில் முடிந்தது. தோலிலும் வேண்டாம், கைக்குட்டையிலும் வேண்டாம். நான் அப்படிப்பட்டதை செருப்பு வைக்கிற அலமாரியில் மூடியைத் திறந்து ஒரு மூலையில் வைத்துவிடுவேன், அடுப்பும் விளக்கும் அந்தப் பக்கம் இல்லாததால்.